துருக்கத்துக்கு ஏறுவதா, எதிர்மலையில் நின்று பார்ப்பதா?

போன பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் திண்டுக்கல்லிலிருந்து பெரியப்பா மகன் போன் செய்தார். "தம்பி, லீவுக்கு நாங்க அஞ்சு பேரும் குன்னூர் வாரோம். பார்க், போட்டிங் எல்லாம் பிள்ளைகளுக்கு அலுத்துப்போச்சு. உங்க ஊர்ல மலை உச்சியில திப்பு சுல்தான் கோட்டை இருக்காம்ல, அதைக் காட்டு" என்றார். அஞ்சு பேர் என்றால் அண்ணன், அண்ணி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், இரண்டாம் வகுப்பு மகன், அப்புறம் எழுபது தாண்டிய பெரியம்மா. பெரியம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி.

சரி வாங்க என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசனை வந்தது. அவர்கள் கையில் இருப்பது இரண்டு காலைப்பொழுது. ஏழு வயதுப் பையனையும் பெரியம்மாவையும் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை இருக்கும் துருக்கம் மலைக்கு ஏற முடியுமா? முடியாவிட்டால் வேறு எங்கே கூட்டிப்போவது? குன்னூரில் குடியிருப்பவன் என்பதால் வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இதையே கேட்கிறார்கள். அண்ணனுக்காக யோசித்ததையும், இரண்டு நாளில் நேரில் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கோட்டை என்றதும் மனசில் என்ன வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். திண்டுக்கல்காரருக்கு அது ஊர் நடுவே நிற்கும் பாறை. பாறை மேல் மதில், மதிலுக்குள் அறைகள், பீரங்கி, உச்சியில் கோயில். 1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கிவைத்த கட்டடம் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த கண் நீலகிரிக்கு வந்து கோட்டையைத் தேடினால் ஏமாந்துதான் போகும். இங்கே மதில் மிகக் குறைவு. எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு கிளம்பினால் அந்த ஏமாற்றம் இருக்காது.

துருக்கம்: காலால் ஏறிப் பார்ப்பது

ட்ரூக் என்று பலகையில் எழுதியிருப்பார்கள். எங்கள் ஊரில் பக்காசூரன் மலை, பக்காசூரன் கோட்டை என்றும் சொல்வார்கள். வண்டி வண்டியாகச் சோறு தின்று, கடைசியில் பீமன் கையால் செத்த பகாசுரன் இங்கேதான் இருந்தான் என்பது கதை. அடிவாரத்து ஊர் உலிக்கல். நம் புலி கன்னடத்தில் ஹுலி ஆகிறது, படுகர் வாயிலும் அப்படித்தான். ஹுலிக்கல் என்பது புலிக்கல். அதைத் தமிழில் எழுதும்போது முதலெழுத்து மெலிந்து உலிக்கல் ஆகிவிட்டது. பேரூராட்சிப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் புலி எங்கே போனது என்று நினைத்துக்கொள்வேன்.

உயரம் சுமார் 6,000 அடி. 18-ஆம் நூற்றாண்டில் திப்பு சுல்தானின் ஆட்கள் இதைக் காவல் அரணாக வைத்திருந்தார்கள். ஏன் இந்த இடம் என்பது மேலே போய் நின்றால் விளங்கும். நீலகிரி ஒரு பீடபூமி. அதன் தென்கிழக்கு விளிம்பில், பள்ளத்தாக்கின் வாயை ஒட்டி இந்த மலை துருத்திக்கொண்டு நிற்கிறது. கீழே மேட்டுப்பாளையம், பவானி ஆறு, கோயம்புத்தூர்ச் சமவெளி எல்லாம் விரித்துப் போட்ட பாய் மாதிரி கிடக்கும். கீழே ஒரு படை நகர்ந்தால் அது கிளப்பும் புழுதியை மேலே நிற்பவன் பார்த்துவிடலாம். அந்தக் காலத்தில் மைசூருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே கொங்குநாட்டுச் சமவெளிதான் பந்தாடப்பட்டது. 1790 ஆகஸ்டில் அண்ணன் ஊர்க் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த மாதமே திப்பு கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கிச் சத்தியமங்கலத்தில் ஆங்கிலப் படையைத் தாக்கினார். அந்தக் கணவாய் இருப்பது நீலகிரிக்கு வடகிழக்கே, மாயாற்றுப் பக்கம். திண்டுக்கல்லும் துருக்கமும் அப்போது ஒரே அரசின் இரண்டு கண்கள். இதை அண்ணனிடம் சொன்னபோதுதான் அவருக்கு இந்த மலை மேல் ஆசையே பிறந்தது. திப்பு இறந்த 1799-ஆம் ஆண்டில் நீலகிரி கம்பெனியார் கைக்குப் போனது. அதோடு கோட்டைக்கு வேலை போய்விட்டது.

இன்று அங்கே மிஞ்சியிருப்பது பாசி படர்ந்த ஒரு சுவர்ப் பகுதிதான். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வழி இப்படி. குன்னூரிலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் வண்டியில். நான்சச் தேயிலைத் தோட்டம் தாண்டிய பிறகு நடை. ஒரு வழிக்கு நாலு கிலோமீட்டர், தேயிலைக்குள் தொடங்கிக் காட்டுக்குள் முடியும். நிதானமாக ஏறினால் இரண்டு மணி நேரம், இறங்க ஒன்றரை. தூரத்தைக் கேட்டால் சின்னது போலத் தெரியும், ஆனால் கடைசிப் பகுதியில் மூச்சு வாங்கும். வழியில் கடை கிடையாது, தண்ணீரும் கிடையாது. தோட்டப் பாதை தோட்டத்துக்காரர்களுடையது, மேலே இருப்பது காடு. எனவே தோட்டத்து வாசலில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், வனத்துறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறிகள் மாட்டிக்கொண்டு இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. அது நியாயம்தான். அனுமதி தரவில்லை என்றால் சண்டை பிடிக்காமல் எதிர்மலைக்குப் போய்விடுங்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நேரம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். காலையில் வானம் கழுவி விட்டாற்போல இருக்கும். பத்து, பதினொரு மணி ஆகும்போது சமவெளிச் சூட்டில் கிளம்பும் ஈரக் காற்று மலையைத் தொட்டு ஏறி, விளிம்பில் மேகமாக உட்கார்ந்துவிடும். நான் முதன்முதலில் துருக்கம் ஏறியது ஒரு நவம்பர் மாதம். உச்சி வரைக்கும் ஜீப் போகும் என்று ஒரு வாடகை வண்டிக்காரர் சொன்னதை நம்பிப் பதினோரு மணிக்குக் கிளம்பினோம். தோட்டத்தோடு இறக்கிவிட்டு, இனி நடைதான் என்று சொல்லிப் போய்விட்டார். நாங்கள் மேலே போனபோது மணி இரண்டு. சுவரும் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற நண்பனும் தெரியவில்லை. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஈரத்தில் காலெல்லாம் அட்டை. இறங்கும்போது வெளிச்சம் குறைந்துவிட்டது, தேயிலைக்குள் ஒரு காட்டெருமை எங்களைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. நாங்களும் அசையவில்லை. அது போன பிறகுதான் நடந்தோம். ஏழு வயதுப் பையனோடு அந்த நிமிஷத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். இந்த ஒரு நினைப்பே அண்ணன் விஷயத்தில் பாதி முடிவைச் செய்துவிட்டது.

எதிர்மலை: லேம்ஸ் ராக், டால்பின் நோஸ்

துருக்கத்துக்கு நேர் எதிரே, பள்ளத்தாக்கின் மறுகரையில் இருக்கின்றன இந்த இரண்டு இடங்களும். குன்னூரிலிருந்து லேம்ஸ் ராக் 8 கிலோமீட்டர் அளவில் வரும். அதே சாலையில் இன்னும் சில கிலோமீட்டர் போனால் டால்பின் நோஸ். பேருந்து, ஆட்டோ, கார் எதில் வேண்டுமானாலும் போகலாம். இறங்கிச் சில நிமிஷம் நடந்தால் விளிம்பு. லேம்ஸ் ராக்கில் கொஞ்சம் படியும் மேடும் உண்டு, டால்பின் நோஸ் முழங்கால்காரர்களுக்குச் சுலபம். இங்கிருந்து ஒரு பக்கம் கேத்தரின் அருவி வெள்ளைக் கோடாக விழுவது தெரியும். மறுபக்கம் துருக்கம்.

சுற்றுலா வண்டிகளில் வருபவர்கள் அருவியைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எதிரே நிற்கும் மலையின் பெயரைக் கேட்பவர் குறைவு. துருக்கம் ஏற முடியாதவர்கள் ஆறுதலுக்குப் போகும் இடம் இது என்றுதான் நானும் ரொம்ப நாள் எண்ணியிருந்தேன். பெரியம்மாதான் அந்த எண்ணத்தை மாற்றினார்.

முதல் நாள் காலை எல்லாரையும் இங்கேதான் கூட்டிப்போனேன். எட்டரை மணி, சுத்தமான வெயில். எதிர்மலையைக் கையால் காட்டினேன். அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கோட்டை எங்கடா?" என்றார். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. பெரியம்மா கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தார். கீழே காடு, அதற்கும் கீழே ஆறு போகும் பள்ளம், எதிரே செங்குத்தாக இறங்கும் மலை. "இதுக்கு மேல எவன் மதிலு கட்டுவான்? மலையே மதிலு மாதிரில்ல நிக்குது. கீழருந்து ஒருத்தன் ஏறி வரணும்னா பாதி வழியில செத்துருவான்" என்றார்.

நான் பத்துத் தடவை துருக்கத்தில் நின்றும் எனக்குப் பிடிபடாதது அது. கோட்டைக்குள் நிற்பவனுக்குக் கோட்டையின் பலம் தெரிவதில்லை. அதைப் பிடிக்க வந்தவன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால்தான் தெரிகிறது. திண்டுக்கல்லிலும் அப்படித்தான். பாறை மேல் நிற்கும்போது அது ஒரு வெட்டவெளி. பேருந்து நிலையத்துப் பக்கமிருந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான் நெஞ்சு ஒரு தரம் திக்கென்கிறது. பெரியம்மா அறுபது வருஷம் அப்படி அண்ணாந்து பார்த்தவர். அந்தக் கண்ணுக்குத் துருக்கம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

அப்படியானால் லேம்ஸ் ராக்கில் குறையே இல்லையா? உண்டு. சனி, ஞாயிறு பகலில் கூட்டம், ஹாரன், குரங்குத் தொல்லை. பையில் சாப்பாடு இருப்பதை நம்மைவிடக் குரங்குகளுக்கு முன்னதாகத் தெரியும். ஒன்பது மணிக்குள் போய்விட்டால் இது எதுவும் இல்லை. இன்னொரு குறை, அந்த ஒற்றைச் சுவர் இங்கிருந்து வெறும் கண்ணுக்குச் சிக்காது. அண்ணன் மகள் எங்கள் வீட்டு பைனாகுலரை வாங்கி, சுவர் எது பாறை எது என்று அரைமணி நேரம் தேடினாள். கண்டுபிடித்ததாகச் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு கோணமும் கிடைக்கிறது. 1899-இல் குன்னூர் வரை போட்ட பாதை இதே பள்ளத்தாக்கின் வழியேதான் மூச்சிரைத்து ஏறுகிறது. இந்த மலைக்கு ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்தப் பற்சக்கரத்தின் சத்தமே சொல்லும்.

மற்ற பெயர்கள்

கோத்தகிரிப் பக்கம் உதயராயர் கோட்டை, கல்லட்டிப் பக்கம் மலைக்கோட்டை என்று இன்னும் இரண்டு பெயர்கள் நீலகிரியின் பழைய குறிப்புகளில் வரும். வரலாற்றில் ஊறியவர்கள், உள்ளூர் ஆள் துணையோடு ஒரு நாளைச் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் தேடிப்போகலாம். குடும்பத்தோடு வருபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் இருக்கிறது. கோத்தகிரிக்குப் போகிறவர்கள் கோடநாடு காட்சிமுனைக்குப் போய் மாயாற்றுப் பள்ளத்தைப் பார்க்கட்டும். கஜலட்டிக் கணவாய் எந்தத் திசையில் கிடக்கிறது என்று அங்கே நின்றால் மனசில் பதியும். கன்னேரிமுக்கில் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பெத்தக்கல் பங்களாவும் அந்த வழியில் பார்க்க வேண்டியது. பழமைதான் வேண்டும், கோட்டை என்றில்லை என்பவர்களுக்குக் கரிக்கையூர் பொறிவரையில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. வனத்துறையின் வழிகாட்டியோடு போகும் மலையேற்றப் பாதை அது. துருக்கத்தைவிட எத்தனையோ மடங்கு பழையது.

பழனி மலைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொடைக்கானலிலும் ஒரு டால்பின் நோஸ் உண்டு, வட்டக்கானலில். இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்துவரும், குன்னூர் என்று சேர்த்துத் தேடுங்கள். அதேபோல பேரிஜம் ஏரிக்கரையில் ஃபோர்ட் ஹாமில்டன் என்று ஓரிடம் வரைபடத்தில் இருக்கும். பெயரில்தான் கோட்டை. 1860-களின் தொடக்கத்தில் அந்த மலையை அளந்து ஆராய்ந்த டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி தங்கிய இடம், அவ்வளவுதான். ஏரியும் சோலையும் அருமையாக இருக்கும், வனத்துறை அனுமதியோடு தாராளமாகப் போகலாம். ஆனால் மதிலைத் தேடிப் பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள்.

திண்டுக்கல்: கோட்டையே வேண்டும் என்பவர்களுக்கு

கொடைக்கானல் போகிற வழியில், மலைக்குக் கீழே. கட்டடமாக ஒரு கோட்டை வேண்டும், பிள்ளைகள் பீரங்கியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், மதில் மேல் நடக்க வேண்டும் என்றால் நீலகிரியை விட்டுவிட்டு இங்கே போங்கள். இதை அண்ணன் எதிரிலேயே சொன்னேன், அவருக்கு ரொம்பப் பெருமை. பாறை 900 அடி அளவுக்கு உயரம். பாறையிலேயே வெட்டிய படிகள். ஏற அரைமணி நேரம் போதும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் வாசல், நேரம், சீட்டு எல்லாம் ஒழுங்கு. நாயக்கர்கள், 1755 முதல் இங்கே பொறுப்பில் இருந்த ஹைதர் அலி, பிறகு ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவர் கைவேலையும் கண்ணுக்குத் தெரியும். அட்டையும் இல்லை, காட்டெருமையும் இல்லை.

இல்லாதது நிழல். ஒன்பது மணிக்கு மேல் பாறை அனலாகத் திருப்பி அடிக்கும். சித்திரை, வைகாசியில் வயசானவர்களைக் கூட்டிப்போகவே வேண்டாம்.

கடைசியில் என்ன செய்தோம்

முதல் நாள் எல்லாருமாக எதிர்மலை. டால்பின் நோஸில் பெரியம்மா டீயில் வர்க்கியை முக்கிச் சாப்பிட்டுக்கொண்டு, அருவிக்கு முதுகைக் காட்டித் துருக்கத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பையன் குரங்குகளை எண்ணினான்.

மறுநாள் அண்ணனும் மகளும் நானும் துருக்கம் ஏறுவதாக ஏற்பாடு. மகளுக்கு ராத்திரியே சளியும் காய்ச்சலும். அழுதாள், ஆனாலும் விட்டுவிட்டுப் போனோம். ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, தோட்டத்தில் சொல்லிவிட்டு, ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். ஜனவரிக் குளிரில் தேயிலை நுனியெல்லாம் பனி. ஒன்பது மணிக்கு மேலே போய்விட்டோம். அண்ணன் சுவரைத் தடவிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். அப்புறம் விளிம்புக்குப் போனவர் பேசவில்லை. கீழே மேட்டுப்பாளையத்து வீடுகள் வெயிலில் பளபளத்தன, பவானி ஒரு கம்பியாக மின்னியது. எதிரே, நேற்று நாங்கள் நின்ற பாறை கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. "நேத்து அங்கருந்து பாத்தது நல்லதாப் போச்சு" என்றார் அண்ணன். "இல்லைன்னா இந்தச் செவத்தை மட்டும் பாத்துட்டு உன்னைத் திட்டிட்டுப் போயிருப்பேன்."

அதனால் என்னைக் கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். ஒரு காலைதான் இருக்கிறது, கூட வயசானவரோ சின்னப் பிள்ளையோ இருக்கிறார் என்றால் தயங்காமல் எதிர்மலை. இரண்டு காலை இருந்து, காலில் தெம்பும் இருந்தால் முதலில் எதிர்மலை, மறுநாள் துருக்கம். அந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை துருக்கத்தை விட்டுவிடுங்கள், மழை ஓய்ந்த காலையில் லேம்ஸ் ராக் மட்டும் போய்வரலாம். மூன்று பேருக்குக் குறையாமல் ஏறுங்கள், மதியத்துக்குள் தோட்டத்துக்குத் திரும்பிவிடுங்கள். அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, எவர்சில்வர் பாட்டிலே கொண்டுவாருங்கள். வெளி மாவட்ட வண்டி என்றால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் நின்று எடுக்கத் தொடங்கினால் அந்தக் காலைப்பொழுதே போய்விடும்.

அண்ணன் மகள் ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் மறுபடி வருகிறாள். இந்தத் தடவை துருக்கத்துக்கு. பெரியம்மாவும் கூட வருகிறார், ஆனால் அவர் லேம்ஸ் ராக்கில்தான் நிற்பாராம். உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் திருப்பிக் காட்ட வேண்டும், அது மின்னினால் பேத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வேன் என்று சொல்லியிருக்கிறார். கண்ணாடியை இப்போதே வாங்கி வைத்துவிட்டாளாம்.